எல்லைக்கு வைத்த இலை

1

நம் தெருப் பிள்ளைகள் ஆடித் திருவிழாவுக்கு மலர் போடுகிறார்களாம். "நீங்க இருக்கற ஊர்ல திருவிழா உண்டா பெரியம்மா? வெயில் காலத்துல அங்க இன்னா பண்ணுவாங்க? போட்டோவோட எழுதி அனுப்புங்க" என்று போனில் கேட்டார்கள். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். மூன்றாம் வகுப்போடு மல்லாட்டைக் காட்டுக்குக் கடலை பிடுங்கப் போனவள். ஆனாலும் மதித்துக் கேட்டதற்கு எழுதாமல் விட்டால் மரியாதை இல்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள். திருவிழா உண்டு. போட்டோ மட்டும் அனுப்பவில்லை. இந்த வருட ஊர்வலம் இன்னும் வரவில்லை, போன வருடம் போட்டோ எடுக்கிற மனசு எனக்கு இல்லை; ஏன் என்று படித்தால் தெரியும்.

நான் இருப்பது கனடா தேசத்தில், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். சுற்றி நான்கு பக்கமும் அரசாங்கத்துக் காடு. தேசியப் பூங்கா என்கிறார்கள். பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. மலை, ஆறு, பனி, மான், கரடி எல்லாம் சேர்ந்ததுதான் பூங்கா. அதில் ஓர் ஓரமாக மனிதர்களும் இருந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். வந்த முதல் நாள் என் மகன் குமரவேல், "எப்படிம்மா இருக்குது மலை? நம்ம பெருமுக்கல் மலை இதுக்கு முன்னால கூழாங்கல்லுதான?" என்றான்.

"உசரமாத்தான் இருக்குது. ஏறிப் போனா மேல கோயில் இருக்குதா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாம் உசரம்?" என்றேன். அவன் பெண்டாட்டி செல்வி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

குமரவேல் ஊர்க் குப்பை வண்டி ஓட்டுகிறான். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இங்கே அது பொறுப்பான வேலை. வீட்டு வாசலில் யாரும் குப்பைத் தொட்டி வைக்கக் கூடாது. தெருமுனையில் கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். பிடிக்குள் விரலை விட்டு உள்ளே இருக்கும் கொக்கியைத் தள்ளினால்தான் மூடி திறக்கும். கரடியின் கை அதற்குள் நுழையாது. யாராவது சாப்பாட்டை வெளியே வைத்திருந்தால் அந்த வீட்டுக் கதவில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவதும் அப்போது என் மகன் வேலைதான். செல்விக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. அதே ஓட்டலில் துணி மடிக்கும் இடத்தில் நான் காலையில் ஆறு மணியிலிருந்து பகல் வரை படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அறுபத்தைந்து வயதில் உனக்கு ஏன் வேலை என்று கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெரியாது.

இங்கே வெயில் மூன்று மாதந்தான். நமக்கு வெயில் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுப்போம். இவர்கள் வெளியே ஓடுகிறார்கள். ஆனி பிறந்து பனி விலகினதும் மலைச் சரிவில் பூ பூக்கும். அதைப் பார்க்கக் கூட்டமாக நடக்கிறார்கள், பறிப்பதில்லை. பறித்தால் குற்றம். புதன்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. சனிக்கிழமை சந்தை. ஒருநாள் பழம் வைத்துச் சுட்ட பணியாரத்துக்குப் போட்டி வைத்து, வெள்ளைச் சட்டைக்காரர் மூன்று பேர் நாள் முழுவதும் தின்று பார்த்துப் பரிசு சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நம் ஆடி நான்காம் வெள்ளியை ஒட்டி வருகிற சனிக்கிழமை ஊர்வலம். வண்டிகளை ஜோடித்து, பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி, மேளம் அடித்துக்கொண்டு பெரிய தெருவில் போவார்கள். மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் கால் பங்கு இருக்காது. ஆனாலும் விழா விழாதான்.

அந்த ஊர்வலத்தில் முதல் வண்டியில் உட்காருகிறவள் எங்கள் பக்கத்து வீட்டு மார்கரெட். எண்பது வயதைத் தாண்டியவள். இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே கிழவியானவர்கள் அதிகம் பேர் இல்லையாம். அதனால் அந்த மரியாதை. மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கையாட்டிக்கொண்டு போவாள். அந்தக் கையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நம் ஊர்க் கதைக்கு வர வேண்டும்.

2

நம் ஊரில் ஆடி வெள்ளியன்று கூழ்க்குடம் எடுத்துப் போகும்போது முதல் குடம் எங்கள் வீட்டுக் குடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை நான்தான் தூக்கினேன். கழுத்தில் வேப்பிலை கட்டிய குடம் இடுப்பில் ஏறினால் என் முதுகு தானாக நிமிரும். பின்னால் எத்தனை குடம் வருகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த ஆடியில் பூசாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"தனம், தப்பா நெனைக்காத. இந்த வருசம் மொதக் கொடத்த நம்ம தெரு கன்னியம்மா தூக்கட்டும். நீ பின்னால வா, யாரும் வேணான்னு சொல்லல."

நான் தலையை ஆட்டினேன். வேப்பிலையை நானே கட்டி, குடத்தை நானே எடுத்துக் கன்னியம்மாள் இடுப்பில் வைத்தேன். பின்னால் போகவில்லை. அடுத்த தை மாதம், மகன் பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இந்த ஊருக்கு விமானம் ஏறினேன். மகன் மேல் இருந்த பாசத்தில் போனாள் என்று தெருவில் பேசிக்கொண்டீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

இங்கே வந்து நான்கு ஆடி கூழ் இல்லாமல் போனது. போன வருடம் செல்வியின் தம்பி திண்டிவனம் போய்த் திரும்பும்போது மரக்காணத்து வாளைக் கருவாடு கொண்டுவந்தான். ஆறு பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றியும் விமானத்தில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். கேப்பை மாவு பட்டணத்துக் கடையில் கிடைத்தது. முதல் ஆடி வெள்ளியன்று வேலை முடிந்து வந்ததும் கூழ் காய்ச்சினேன். பத்து வயதுப் பேத்தி அபி எட்டிப் பார்த்து, "ஆயா, இது சிமெண்டு கலர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனாள். செல்வி அரை டம்ளர் குடித்தாள். குமரவேல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தான்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாகச் சம்பந்தம் செய்தவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கூழ் வார்த்து முடிந்து அந்தி சாயும்போது, முதல் கரண்டியில் எடுத்து வைத்த கூழை ஓர் இலையில் ஊற்றி, சுட்ட கருவாடு ஒரு துண்டு வைத்து, ஊர் எல்லையில் கொண்டுபோய் வைப்போம். வைத்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. காலையில் போய்ப் பார்த்தால் இலை துடைத்த மாதிரி இருக்க வேண்டும். இருந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள், குடும்பத்துக்குக் குறை இல்லை. நாய் தின்றிருக்கும், நரி தின்றிருக்கும். அது நமக்குத் தெரியாதா? யார் வாயால் தின்றாள் என்று கேட்பது நம் வேலை இல்லை.

எங்கள் வீட்டுத் தோட்டம் முடிகிற இடத்தில் இரண்டு ஊசியிலை மரங்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு கம்பு நட்டிருக்கிறது. அதுவரை ஊர், அதற்கு அப்பால் காடு. எல்லை எது என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை, அரசாங்கமே கம்பு நட்டு வைத்திருந்தது. வாழை இலைக்கு எங்கே போவேன்? முட்டைக்கோஸ் இலை ஒன்றை உரித்துக் கழுவிக் கூழை ஊற்றினேன். கருவாட்டைச் சட்டியில் சுட்டபோது செல்வி சன்னலைத் திறந்துவிட்டு, "அத்தை, வாசனை தெரு முழுக்கப் போவுது" என்றாள். போகட்டும் என்றேன். இலையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பூசாரி இல்லை, கன்னியம்மாள் இல்லை. பின்னால் வா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு என் முதுகு நிமிர்ந்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கூழ் இல்லை, கருவாடு இல்லை, இலையே இல்லை.

நம் ஊரில்கூட இலை மிஞ்சும். எனக்கு மேல் சிலிர்த்துப்போனது. அன்று சாயங்காலம் என் தங்கைக்குப் போன் போட்டு, "அம்மா கடலத் தாண்டி வந்துட்டாடி" என்று சொன்னேன். அவள் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள், உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வெள்ளி பெரிய துண்டாக வைத்தேன். மூன்றாம் வெள்ளி இரண்டு துண்டு.

3

மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் வேலைக்குக் கிளம்பக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்தேன். இங்கே அந்த மாதத்தில் அந்நேரத்துக்கே வெளுக்கத் தொடங்கிவிடும். சமையலறைச் சன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன்.

கம்புக்குப் பக்கத்தில் கரடி. கறுப்பு நிறம், எருமைக்கன்று அளவு. முன்னங்காலால் இலையை அழுத்திக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு குட்டி, தாயின் வாய்க்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தாய் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கும்பிட்டேன். கை தானாகச் சேர்ந்துவிட்டது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இலையைத் தின்றுவிட்டு அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே மார்கரெட் வீட்டுப் பக்கம் நடந்தது. அவள் பின்வாசலில் குருவிகளுக்குத் தானியம் போடும் சின்ன மரப்பெட்டி தொங்கும். கோடையில் அதுவும் கூடாதுதான். கிழவி ஆசைக்கு வைத்திருந்தாள். கரடி எழுந்து நின்று ஒரே இழுப்பில் பெட்டியைப் பிய்த்தது, வலைக்கதவைக் கிழித்தது. உள்ளே மார்கரெட் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு கத்தினாள். குட்டி முதலில் ஓடியது, பிறகு தாயும் ஓடியது.

பார்க் ஆபீஸ் ஆட்கள் அரை மணியில் வந்தார்கள். தலைமையாக வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், ஒற்றைச் சடை, இடுப்பில் துப்பாக்கி. உடைந்த பெட்டியையும் சிதறின தானியத்தையும் போட்டோ எடுத்தாள். மார்கரெட் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பத்தடி நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனேன்.

திங்கட்கிழமை கரடி மறுபடி வந்தது, செவ்வாய்க்கிழமையும் வந்தது. செவ்வாய் மத்தியானம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு பொறி கொண்டுவந்து நிறுத்தினார்கள். சக்கரம் வைத்த பெரிய இரும்புக் குழாய். உள்ளே இறைச்சி தொங்கும். போய்க் கடித்து இழுத்தால் பின்னால் கதவு விழும்.

அன்று சாயங்காலம் குமரவேல் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "பக்கத்து வூட்டுப் பாட்டி தானியத்த எடுத்த அப்புறமும் வந்துக்கினே இருக்குதாம். தீனியே இல்லாத எடத்துக்கு வருதுன்னா மனுசங்க மேல பயம் வுட்டுப் போச்சுன்னு அர்த்தமாம். மாட்டுச்சுன்னா சுட்டுருவாங்க."

"குட்டி?"

"அது பொழச்சா பொழைக்கும்."

அபி சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஊர்வலத்தில் அவள் கோடை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரடி வேஷம். ஒரு மாதமாக அதே பேச்சு. "ஆயா, மனுஷங்க சாப்பாட்ட ஒரு தடவ ருசி பார்த்துட்டா அப்பறம் கரடிக்கு அதோட சாப்பாடு புடிக்காதாம். மலைல இப்ப எவ்ளோ பழம் இருக்கு தெரியுமா? அத விட்டுட்டு வரும். டீச்சர் சொன்னாங்க" என்றாள். அவள் தட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. என் சொம்பில் பழைய கூழ் இருந்தது. இரண்டையும் பார்த்தேன்.

பேத்தி தூங்கப் போனதும் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். மூன்று வெள்ளியையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது.

"யம்மா, நான் இன்னா வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? ஊர்ல ஒருத்தன் எலும்புத் துண்ட வெளிய போட்டா கதவுல சீட்டு ஒட்றவன் நான். என் வூட்டுலயே கருவாடு சுட்டு வச்சுக்கினு இருந்திருக்கற!"

"எல்லைக்குத்தான்டா வச்சேன்."

"எல்லை இன்னா எல்லை? இது இன்னா மலையனூரா?"

செல்வி சுவரோரம் நின்றுகொண்டு, "அப்பவே சொன்னன்ல அத்தை, வாசனை தெரு முழுக்கப் போவுதுன்னு" என்றாள்.

"வாசனைன்னுதான சொன்ன? கரடின்னு சொன்னியாடி?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, புருஷன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். குமரவேல் குரலைத் தாழ்த்தினான். "நீ இந்த நாட்டுல தங்கறதுக்கான கார்டு வேற ரினிவலுக்குப் போட்டுருக்குது. என் வேலையும் போயி உன் கார்டும் நின்னு போச்சுன்னா பேஜாரு. நீ ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. இந்த வெள்ளி அடுப்புல கருவாடு ஏறக் கூடாது. அவ்ளோதான்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் கால் ஊன்றி நிற்கப் பதினோரு வருடம் ஆனது. எத்தனை குளிர்காலம் கை வெடித்து நின்றான் என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மூடின வாய்க்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. தீனி இல்லாத இடத்துக்கு அது வரவில்லை. கருவாடு வைத்த இடத்துக்கு வருகிறது. கம்பைச் சுற்றி மண்ணில் அந்த வாடை இருக்கிறது. இது அந்தத் துப்பாக்கிக்காரப் பெண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் ஓர் உயிரைச் சுடப் போகிறாள். தெரிந்தவள் நான் ஒருத்தி.

4

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வரும்போது மார்கரெட் வாசலில் விழாக் குழுவிலிருந்து இரண்டு பேர் நின்றார்கள். ஓர் ஆண், ஒரு பெண். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக, மரியாதையாகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மார்கரெட் தலையை ஆட்டினாள். அது எனக்குப் புரிந்தது. பூசாரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்ற அன்று நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

செல்வி ஓட்டலில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். கரடியை ஊருக்குள் பழக்கிவிட்டவளை முதல் வண்டியில் உட்கார வைத்தால் நன்றாக இருக்காது என்று ஊரில் பேச்சாம். இந்த வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் ஆடி நான்காம் வெள்ளி. நான் கூழ் காய்ச்சவில்லை. இலை வைக்கவில்லை. அந்தி சாயும் நேரத்தில் சந்தில் இரும்புக் கதவு விழுந்த சத்தம் கேட்டது. வெள்ளிக்கு வெள்ளி கிடைத்ததைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. நான் வைக்கவில்லை, அவர்கள் வைத்தார்கள். குட்டி ஊசியிலை மரத்தில் ஏறிக்கொண்டு கத்தியது. கைப்பிள்ளை மூக்கடைத்து அழுவது மாதிரி ஒரு சத்தம். அபி போர்வையால் காதைப் பொத்திக்கொண்டாள். குமரவேல் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தான். ராத்திரியே பொறியை இழுத்துக்கொண்டு போனார்கள்; விழா முடிந்துதான் சுடுவார்களாம் என்றான்.

5

சனிக்கிழமை காலையில் பெரிய தெரு முழுக்கத் தோரணம். குமரவேலுக்கு விழா நாளில் குப்பை அதிகம், விடியும் முன்பே போய்விட்டான். செல்விக்கு ஓட்டலில் ஓய்வே இல்லை. அபியை ஊர்வலத்துக்குக் கூட்டிப்போக நான் அன்று லீவு சொல்லியிருந்தேன்.

மைதானத்து ஓரத்தில் பார்க் ஆபீஸ் பந்தல் போட்டிருந்தார்கள். மேசை மேல் கரடித் தோல், மண்டை ஓடு, நகம். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒற்றைச் சடைப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி தூங்காத கண்.

நான் அபியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். கழுத்து வரை கறுப்பு மயிர் வைத்த கரடிச் சட்டை போட்டுக்கொண்டு, கரடித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அபி, அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத."

"கரடி பத்தியா? அப்பா சொல்லக் கூடாதுன்னாரே ஆயா." குழந்தைக்குத் தெரியாது என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"உங்கப்பனுக்கு நான் அம்மா. வா."

சொன்னேன். முதல் வெள்ளி, இரண்டாம் வெள்ளி, மூன்றாம் வெள்ளி. அபி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் சிரித்த முகமாகக் கேட்டாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றாள். எந்த இடம், எந்த நேரம், என்ன மீன் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"ஆயா, அது உன்ன பார்த்துச்சான்னு கேக்கறாங்க."

"பாத்துச்சு."

"நீ என்ன பண்ணேன்னு."

"கும்புட்டேன்."

அபி விழித்தாள். அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. கரடித் தலையைக் கீழே வைத்துவிட்டு, நகம் வைத்த இரண்டு கரடிக் கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துக் காட்டினாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பேனாவைச் சட்டைப் பையில் செருகினாள். பிறகு தோளில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பேசிக்கொண்டே வேகமாக வெளியே போனாள்.

ஊர்வலம் தொடங்கியது. முதல் வண்டி பூ ஜோடித்து வந்தது. இருக்கை காலியாக இருந்தது. அதில் கூடையை மட்டும் வைத்திருந்தார்கள்.

6

மத்தியானம் மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டினேன். அபியும் கூட நின்றாள். "மீ. மை ஃபிஷ். நாட் யுவர் பேர்ட்" என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிச்சத்தை அபி சொன்னாள். மார்கரெட் கதவைப் பிடித்தபடியே முழுவதும் கேட்டாள். கடைசியில் ஏதோ ஒரு வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இன்னா சொன்னா?"

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுன்னு சொன்னாங்க."

"நல்லதுக்கா, கோவத்துலயா?"

"தெரியல ஆயா."

திங்கட்கிழமை பார்க் ஆபீசில் வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். நான் விண்ணப்பம் போட்ட காலத்தில் படிவத்தில் இரண்டு பெயர் கேட்டார்கள். எனக்கு இருப்பது ஒன்றுதான். அதனால் இன்னொரு கட்டத்தில் அவர் பெயரைப் போட்டோம். அன்றிலிருந்து இந்த நாட்டு ஆபீசுகளில் என்னைக் கூப்பிடுவது என் புருஷன் பெயரைச் சொல்லித்தான். அவர் உயிரோடு இருந்தவரை நான் வாயால் சொல்லாத பெயர். "கோவிந்தசாமி" என்று கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். தமிழிலேயே எழுதுகிறேன் என்றேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்தில் என் பெயரை மட்டும் போட்டேன்.

கரடியைச் சுடவில்லை. தீனி எங்கே இருந்தது, ஏன் திரும்பித் திரும்பி வந்தது என்று தெரிந்துவிட்டதால் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்களாம். கம்பைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தாயின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தி, குட்டியையும் பிடித்து, மூன்று மலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பெண் அபியை நடுவில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்று சொன்னாள். சில கரடிகள் எத்தனை மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்துவிடும். மஞ்சள் வில்லை போட்டது மறுபடி ஊருக்குள் வந்தால் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

குமரவேல் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், "சொல்லிட்டல்ல, இனிமே தெருவுல எவன் மூஞ்சிய நான் பாக்கறது?" என்றான்.

"மூஞ்சிய பாத்துக்கினேதான்டா போவணும். நான் போவலயா?" என்றேன்.

வேலை போகவில்லை. ஆனால் சீட்டு ஒட்டும் பொறுப்பை எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். வண்டி மட்டும் ஓட்டுகிறான். சம்பளம் அதேதான் என்கிறான். சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். என் கார்டு இன்னும் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். அது வரும்வரை நான் ஊருக்கு வந்து திரும்ப முடியாது.

மார்கரெட் குளிர்காலம் முழுக்க என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தாள். இந்த வருடம் முதல் வண்டிக்கு மறுபடி அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, செல்விதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் தெருவோரம் நின்று கையாட்டுவேன். அவள் திருப்பி ஆட்டினால் ஆட்டட்டும்.

7

இப்போது நம் ஊருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மலரில் இதை மட்டுமாவது போடுங்கள்.

கன்னியம்மாள் புருஷன் மாசி மாதம் இறந்துவிட்டார் என்று தங்கை சொன்னாள். ஆடி வந்துவிட்டது. இந்நேரம் யாராவது அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பீர்கள், அல்லது நிற்கப் போகிறீர்கள். வேண்டாம். குடம் அவள் இடுப்பிலேயே இருக்கட்டும். என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து வாங்கினால் சொல்வேன். நான் ஊரில் இல்லாதவள், எனக்குச் சொல்ல உரிமை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அந்தக் குடம் எங்கள் வீட்டுக் குடம்.

இந்த முதல் வெள்ளியும் கூழ் காய்ச்சினேன். சன்னல் எல்லாவற்றையும் சாத்தி வைத்துக்கொண்டு காய்ச்சினேன். கருவாடு இல்லை, மல்லாட்டைத் துவையல்தான். அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, எல்லைக்கு என்று எடுத்து வைக்கிற முதல் கரண்டியை நானே குடித்தேன். அபி, "எனக்குக் கொஞ்சம்" என்று கேட்டு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் அதே சன்னலில் நிற்கிறேன். ஊசியிலை மரங்களுக்கு நடுவில் கம்பு தெரிகிறது. தோண்டின மண்ணில் புல் முளைத்துவிட்டது. என் வாய் பிறந்ததிலிருந்து வா தாயே, வா தாயே என்று கூப்பிட்டுப் பழகினது. இப்போது ஒவ்வொரு காலையும், வராதே தாயே, குட்டியை வைத்துக்கொண்டு அங்கேயே இரு என்று சொல்கிறது.

சாயங்காலம் குமரவேல் பூட்ஸைக் கழற்றும்போது நான் ஒன்றும் கேட்பதில்லை. அவனே தலையைத் தூக்காமல் சொல்கிறான், "வரலம்மா."

எழுந்து போய் விளக்கை ஏற்றுகிறேன்.